ஸ்புரூஸ் தெரு, 4032-ஆம் எண் வீடு

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஸ்புரூஸ் தெரு என்று ஒரு தெரு. அதில் 4032-ஆம் எண்ணுள்ள பழைய வீடு ஒன்றை 1974 அக்டோபர் 15 அன்று திறந்துவைத்தார்கள். ஏழு படுக்கையறைகள் கொண்ட வீடு. பிள்ளையைக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, இனி எங்கே தங்குவது என்று திகைத்து நிற்கும் வெளியூர்ப் பெற்றோருக்கென்றே அதை வாங்கியிருந்தார்கள். அந்த வீட்டின் வழிவந்த இல்லங்கள் இன்று உலகம் முழுவதும் 380-க்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ். பெயரைக் கேட்டதும் பர்கர் கடையும் சிவப்பு முடிக் கோமாளியும்தான் கண்முன் வருவார்கள். அதனாலேயே அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மருத்துவ வரலாற்றைப் பலர் கவனிப்பதில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் மகன் சிறுவயதில் சென்னையில் பல வாரங்கள் மருத்துவமனையில் இருந்தான். வார்டுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. அட்டெண்டர் பாஸ் அக்காவிடம் இருக்கும். அத்தானும் நானும் வெளியே, மாடிப்படிக்குக் கீழே ஒரு பாயை விரித்துக்கொண்டு கிடப்போம். ஒரு ஒயர் கூடை, ஃபிளாஸ்க், மடித்து வைத்த இரண்டு மாற்றுத்துணி, மருந்துச் சீட்டுகள் திணித்த மஞ்சள் பை. இவ்வளவுதான் குடித்தனம். விடிவதற்கு முன்பே கட்டணக் குளியலறையில் வரிசையில் நிற்க வேண்டும். துவைத்த துணியைக் காயப்போட இடம் கிடையாது. மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் படுத்திருந்தவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், தினக்கூலி வேலை. கையிருப்பு தீர்ந்ததும், ஊருக்குப் போய்ப் பணம் புரட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மனைவி உள்ளே பிள்ளையோடு தனியாக இருந்தார். மருந்தும் மருத்துவமும் அந்தக் குடும்பத்துக்கு இலவசம். அவர்களை முறித்தது சோறும் வாடகையும் இழந்துபோன கூலியும்தான். மருத்துவமனைக் கட்டணம் என்பது நோயின் செலவில் ஒரு பகுதி மட்டுமே என்பதை அன்றைக்கு அந்தப் படிக்கட்டின் அடியில்தான் புரிந்துகொண்டேன்.

பிலடெல்பியா வீட்டின் கதையைப் பெரும்பாலும் ஒரு விளையாட்டு வீரரிடமிருந்து தொடங்குவார்கள். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். அவை இல்லாவிட்டால் இந்த வீட்டுக்குத் தேவையே வந்திருக்காது.

முதலாவது, பெற்றோரை உள்ளே விட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மேலைநாட்டுக் குழந்தைகள் மருத்துவமனைகள் பெற்றோரைத் தொந்தரவாகவே கருதின. தொற்று வந்துவிடும், பிள்ளை அழும், நர்சுகளின் வேலை கெடும் என்பார்கள். வாரத்தில் சில மணி நேரம் பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ல், இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தாயைப் பிரிந்து மருத்துவமனையில் கழித்த எட்டு நாட்களைப் படம்பிடித்து மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் குழந்தை பெரிதாக அழவில்லை. மெல்ல மெல்ல அடங்கிப்போனாள். அடங்கிப்போவதைத்தான் அதுவரை ‘நல்ல பிள்ளை, பழகிவிட்டது’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 1959-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் பிள்ளையைப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. மருத்துவமனைகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் கதவு திறக்கத் தொடங்கிவிட்டது. பகல் முழுவதும் உள்ளே இருக்கலாம் என்றால், இரவில் அவர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வி அப்போதுதான் எழுந்தது.

இரண்டாவது, ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்தது. 1940-களின் நடுப்பகுதிவரை ஒரு குழந்தைக்கு லுகேமியா என்று தெரிந்தால், சில வாரங்கள் அல்லது சில மாதங்களில் முடிந்துவிடும். பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அந்த முடிவை 1948-ல் வெளியிட்டார். அந்த மருந்து உருவானது லெடர்லி ஆய்வகத்தில். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920-களில் அமெரிக்கா போனவர். அந்த 1948-லேயே காலமானார். சென்னையில் அவர் நடந்த அதே வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஃபார்பரின் மருந்து நோயைக் குணமாக்கவில்லை, தள்ளிப்போட்டது. பிறகு மருந்துகளைச் சேர்த்துச் சேர்த்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 1960-களின் இறுதியில் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் குழுவினர் வகுத்த சிகிச்சை முறையில், லுகேமியா வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைத்தார்கள். அதற்கு விலை இருந்தது. சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். அதுவும் நிபுணர்கள் இருக்கும் பெருநகரங்களில் மட்டும்தான் கிடைக்கும். சில வாரங்களில் பிள்ளையைப் பறிகொடுத்த காலத்தில் பெற்றோருக்கு அந்த ஊரில் தங்க இடம் தேவைப்படவில்லை. பிள்ளை பிழைக்கும் என்ற நிலை வந்ததும், மாதக்கணக்கில் காத்திருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. இந்த இல்லங்களைத் தருமம் என்ற கணக்கில் மட்டும் எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். சிகிச்சையின் நீளம் கூடியதால் வந்த தேவை இது. ஆகவே இதுவும் சிகிச்சையின் ஒரு பாகம்.

இதை மருத்துவமனைக்குள்ளிருந்தே கண்டுகொண்டவர் ஆட்ரி எவன்ஸ். 1925-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பாஸ்டனுக்கு வந்து ஃபார்பரிடமே பயிற்சி பெற்றார். ஊருக்குத் திரும்பியவருக்கு, அங்கே ஒரு பெண்ணால் குழந்தைகள் நல மருத்துவராக மேலே வரமுடியாது என்று தெரிந்தது. மறுபடி அமெரிக்கா வந்தார். சிகாகோவில் வேலை. பிறகு 1969-ல், பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர் எவரெட் கூப் அழைத்து, அங்கே புற்றுநோய்ப் பிரிவை ஏற்றார். நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவப் புற்றுநோயை எந்த நிலையில் எப்படி அணுகுவது என்று அவர் 1971-ல் வகுத்த படிநிலைகளுக்கு அவர் பெயரே நிலைத்தது. சில கைக்குழந்தைகளுக்கு அந்தக் கட்டி தானாகவே கரைந்துவிடும், அவர்களைக் கடும் மருந்துகளால் வாட்ட வேண்டியதில்லை என்று அவரும் சக மருத்துவர்களும் எடுத்துக்காட்டினார்கள். எப்போது மருந்து கொடுக்கக் கூடாது என்று தெரிந்த மருத்துவர் அவர். அதனால்தான் மருந்துக்கு வெளியே என்ன தேவை என்பதும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அவர் தினமும் கண்ட காட்சி நமக்கும் பழக்கமானதுதான். தாய்மார்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். காசு போட்டால் தின்பண்டம் தரும் இயந்திரத்திலிருந்து எடுத்ததைச் சாப்பாடாக்கிக்கொண்டார்கள். ஓட்டலில் அறை எடுக்க வசதியில்லாதவர்கள் காரில் படுத்தார்கள். பக்கத்திலேயே ஒரு வீடு இருந்தால் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இனி விளையாட்டு வீரர். ஃபிரெட் ஹில், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அவருடைய மகள் கிம்முக்கு மூன்று வயதில் லுகேமியா என்று தெரிந்தது. அந்த நகரின் இன்னொரு குழந்தைகள் மருத்துவமனையான செயின்ட் கிறிஸ்டோபரில் சிகிச்சை. ஹில்லும் மனைவியும் வராந்தாவில், மடக்கு நாற்காலிகளில் இரவைக் கழித்தார்கள். சுற்றிலும் அதே நிலையில் மற்றப் பெற்றோர். அவர்களில் பலர் நூறு மைல், இருநூறு மைல் தாண்டி வந்தவர்கள். ஹில் தம்பதியர் உள்ளூர்க்காரர்கள், ஆடும் வீரருக்குச் சம்பளமும் உண்டு. தங்களுக்கே இப்படி என்றால் இவர்களுக்கு எப்படி என்று அவர்கள் யோசித்தார்கள். சக வீரர்களைச் சேர்த்துக்கொண்டு நிதி திரட்ட இறங்கினார்கள்.

அணியின் உரிமையாளர் லெனார்ட் டோஸ், லாரித் தொழிலில் பணம் சேர்த்தவர். அணியே இந்தக் காரியத்தில் இறங்கட்டும் என்று சொல்லி, நிர்வாகி ஜிம் முரேயிடம் பொறுப்பைக் கொடுத்தார். பணத்தை யாரிடம் கொடுத்தால் உருப்படியாகச் செலவாகும் என்று விசாரித்துக்கொண்டு போன முரே, எவன்ஸிடம் வந்து சேர்ந்தார். பணம் மருத்துவமனையின் தேவைகளுக்குப் போனது. அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் எவன்ஸ் தன் நெடுநாள் ஆசையைச் சொன்னார்: பெற்றோர் தங்க ஓர் இடம் வேண்டும். முரே அதைப் பிடித்துக்கொண்டார். பெரிய கட்டடம் வேண்டாம், ஒரு வீடு போதும் என்று முடிவானது.

வீட்டுக்குப் பணம்? முரேக்குத் தெரிந்த டான் டக்கர்மன், மெக்டொனால்ட்ஸ் கடைகளின் உள்ளூர் விளம்பரங்களைக் கவனித்துக்கொண்டிருந்த நிறுவனத்தில் இருந்தார். மார்ச் மாதம் ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக் திருநாளுக்கு அந்தக் கடைகளில் பச்சை நிறத்தில் ஒரு மில்க் ஷேக் விற்பார்கள். விற்கும் ஒவ்வொன்றிலும் 25 சென்ட் வீட்டு நிதிக்கு என்று பேச்சு ஓடியது. வட்டார மேலாளர் எட் ரென்ஸி ஒரு படி மேலே போனார். லாபம் முழுவதையும் தருகிறோம், வீட்டுக்கு ரொனால்ட் மெக்டொனால்ட் பெயரை வைப்பீர்களா என்று கேட்டார். சம்மதித்தார்கள். இந்த ரென்ஸி பின்னாளில் அந்நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுக்கே தலைவரானவர்.

இந்த இடத்தில் எனக்கு நெருடல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. குழந்தைகளைக் கவரவே உருவாக்கிய விளம்பரக் கோமாளி அது. நோயுற்ற குழந்தைகளின் வீட்டு வாசலில் அந்தப் பெயரைப் பொறித்தால், ஒரு துரித உணவு நிறுவனத்துக்கு வேறெங்கும் விலைக்குக் கிடைக்காத நற்பெயர் கிடைக்கிறது. அமெரிக்காவில் இந்தக் குற்றச்சாட்டைப் பொதுச் சுகாதாரம் பேசுவோர் பலமுறை எழுப்பியிருக்கிறார்கள். பெயர் நிறுவனத்துடையது என்றாலும், இல்லங்களை நடத்தும் பணத்தில் பெரும்பங்கு மற்றவர்களுடையது என்பதும் உண்மை. கடையில் சில்லறை போடும் உண்டியல், உள்ளூர்க்காரர்களின் நன்கொடை, ஊர்தோறும் நடக்கும் நிதி திரட்டல் என்று சேர்ந்துதான் அவை ஓடுகின்றன. ஆகவே வாசலில் இருக்கும் பெயர், உள்ளே உழைத்த கைகளுக்கு நியாயம் செய்வதில்லை. எவன்ஸின் பெயரை அந்த வாசலில் எழுதியிருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். இருந்தும், நள்ளிரவில் படுக்க இடம் தேடி நிற்கும் தாய்க்கு வாசலில் யார் பெயர் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே அல்ல. இரண்டையும் சேர்த்தே என் மனத்தில் வைத்திருக்கிறேன். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

கிம் பிழைத்தார். வளர்ந்து, இந்த இல்லங்களின் நிகழ்ச்சிகளில் தானே வந்து பேசினார். பிற்காலத்தில் மூளைக் கட்டிகளோடு போராடி, 2011-ல் தன் 44-ஆம் வயதில் காலமானார்.

பரவிய கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1977-ல் சிகாகோவில் இரண்டாவது வீடு. அதற்குப் பின்னாலும் ஒரு புற்றுநோய் மருத்துவரும், பிள்ளைகளின் பெற்றோரும்தான் இருந்தார்கள். 1981-ல் கனடாவின் டொரான்டோவிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் இல்லங்கள் வந்தன. 1984 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தை வளர்த்த ரே கிராக் இறந்தார். அவர் நினைவாக அதே ஆண்டு, இல்லங்களுக்குத் துணையாக ஓர் அறக்கட்டளை அமைந்தது. 1985-ல் ஆம்ஸ்டர்டாம், ஐரோப்பாவில் முதலாவது. 1990-களில் மருத்துவமனைக்குள்ளேயே, வார்டிலிருந்து நாலு எட்டில், பெற்றோர் சற்றுச் சாயவும் குளிக்கவும் அறைகளைத் திறந்தார்கள். ஒவ்வோர் இல்லமும் அந்தந்த ஊர்க்காரர்களின் பொறுப்பில் இயங்குகிறது. பக்கத்து மருத்துவமனையோடு கைகோக்காமல் எதையும் திறப்பதில்லை. குடும்பங்களிடம் ஒரு சிறு தொகை கேட்பார்கள், கொடுக்க முடியாவிட்டால் திருப்பி அனுப்புவதில்லை. பிலடெல்பியாவின் முதல் வீடு இடம் போதாமல் 1981-ல் செஸ்ட்நட் தெருவுக்கு மாறியது.

நிதானமாகச் சொல்ல வேண்டியது, இந்த வீடுகளில் தங்குபவர்கள் மாறிய விதம். புற்றுநோய்க் குழந்தைகளின் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இடத்தில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். காரணம் மறுபடியும் மருத்துவம்தான். ஏழாம் மாதத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தையின் நுரையீரல் விரியாது. அதை விரியச் செய்யும் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு 1990-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்கு முன் ஓரிரு நாளில் இறந்துபோயிருக்கக்கூடிய குழந்தைகள் பிழைத்து, இரண்டு மூன்று மாதம் இன்குபேட்டரில் வளர்ந்தார்கள். தாயையோ பிரசவம் முடிந்து சில நாளில் மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிடும். வீடு இருநூறு மைல் தள்ளி இருந்தால்? தாய்ப்பால்தான் அந்தக் குழந்தைக்கு முதல் மருந்து. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய் எங்கே இருக்க வேண்டும்? லுகேமியாவில் நடந்தது அப்படியே இங்கேயும் நடந்தது. பிழைக்க வழி பிறந்த இடத்தில் காத்திருப்பும் கூடவே பிறந்தது.

அப்படி ஒரு வீட்டுக்குள் நான் போயிருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் நண்பனுக்குக் குறைமாதத்தில் மகள் பிறந்து, அவனும் மனைவியும் அப்படி ஓர் இல்லத்தில் தங்கியிருந்தார்கள். நான் பார்க்கப் போனது அவர்களை. என் கண்ணில் நின்றது சமையலறை. நீளமான ஒரே அறைக்குள் நான்கைந்து அடுப்புகள். சுவரோரம் வரிசையாகக் குளிர்சாதனப் பெட்டிகள். அவற்றின் ஒவ்வொரு தட்டிலும் அறை எண் எழுதிய சீட்டு. நண்பனின் தட்டில் தயிர் டப்பா, கறிவேப்பிலை சுற்றிய காகிதப் பை, ஒரு டப்பாவில் இட்லி மாவு. அடுத்த தட்டில் யாரோ ஒருவரின் பாலாடைக்கட்டியும் மாட்டிறைச்சியும். தனியாக ஒரு சிறிய உறைபெட்டி, அதில் தாய்ப்பால் குப்பிகள், ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும். மாலையில் அந்த ஊர்த் தேவாலயத்திலிருந்து சில பெண்மணிகள் வந்து எல்லாருக்குமாகச் சமைத்து வைத்துவிட்டுப் போனார்கள். நண்பனின் மனைவி மருத்துவமனையிலிருந்து வந்து கை கழுவி, ரசத்துக்குப் புளி கரைத்தாள். அருகில் பண்ணைக்காரர் ஒருவர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொண்டது குழந்தைகளின் எடை பற்றி: இன்று எத்தனை கிராம் கூடியது, மூக்குக் குழாயை எப்போது எடுப்பார்கள். வாணலியில் கடுகு வெடித்ததும் அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பி, பிறகு இருவரும் சிரித்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்ததாக நண்பன் சொன்னான்.

படுக்கை மட்டும் போதாது, அடுப்பும் வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கியது அன்றிலிருந்துதான். மருத்துவமனையில் பெற்றோருக்கு வேலையில்லை. ஊசியும் மருந்தும் மற்றவர் கையில். கையெழுத்துப் போடுவதும் காத்திருப்பதும் தவிர எதுவும் செய்ய முடியாது. பிள்ளைக்கு ஒரு வாய்ச் சோறு வடித்துக் கொடுக்க முடிந்தால், அந்தத் தாய் மறுபடியும் தாயாகிவிடுகிறாள். இதில் மருத்துவமும் இருக்கிறது. கீமோதெரபி வாங்கும் குழந்தைக்கு எதிர்ப்புச்சக்தி அறவே குறைந்திருக்கும். கடைச் சட்னியில் வரும் கிருமி அவனைக் கொன்றுவிடலாம். நன்றாகக் கொதிக்கவைத்த தண்ணீர், அப்போதே வடித்த சோறு, சுத்தமான கழிப்பறை, நெரிசலில்லாத படுக்கை. இவை நான்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை.

நம் நாட்டில் இதை முழுமையாக உணர்ந்து செய்தவர்கள் மும்பையில் இருக்கிறார்கள். பரேலில் இருக்கும் டாடா மெமோரியல் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதையில், பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் தார்ப்பாய் கட்டி வாழ்வதைப் பல காலமாகப் பார்த்துவந்தது அந்த நகரம். மொட்டைத் தலையோடு, மூக்கில் முகக்கவசத்தோடு, குழந்தைகள் அந்த நடைபாதையில்தான் படுத்திருப்பார்கள். 2006-ல் நிஹால் கவிரத்னேயும் சியாமா கவிரத்னேயும் செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எட்டுக் குடும்பங்களுக்கான ஒரு மையம். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம், தனி அலமாரி. பொதுச் சமையலறையில் ஒவ்வொரு தாய்க்கும் தனி அடுப்பு. அரிசி, பருப்பு, எண்ணெய் போன்ற மளிகையை அமைப்பே கொடுக்கும். சமைப்பது தாயின் வேலை. பணம் வாங்குவதில்லை. பிறகு பல நகரங்களில் மையங்கள் வந்தன. சென்னையிலும் வேலூரிலும் இருக்கின்றன.

இதன் பலனை மருத்துவர்கள் ஒரே சொல்லில் சொல்வார்கள்: பாதியில் நிறுத்துவது குறைந்தது. குழந்தைப் புற்றுநோயில் இந்தியாவின் பெருங்குறை அதுதான். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் டாடா மெமோரியலும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து 1980-களிலேயே லுகேமியாவுக்குப் பொதுவான ஒரு சிகிச்சை முறையைக் கையாளத் தொடங்கின. அறிவுக்குக் குறைவில்லை. மருந்தும் கிடைத்தது. ஆனால் முதல் மாதத்தில் பிள்ளையின் காய்ச்சல் விட்டு, முகம் தெளிந்ததும், குணமாகிவிட்டது என்று நம்பியோ, இனித் தாக்குப்பிடிக்க முடியாது என்று ஓய்ந்தோ குடும்பம் ஊருக்குப் போய்விடும். நோய் திரும்பும்போது நிலைமை கைமீறியிருக்கும். எங்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்த அந்தக் கள்ளக்குறிச்சி மனிதரைப் போன்றவர்கள்தான் அவர்கள். அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், மாடு கன்று, அறுவடைக் கூலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு எத்தனை மாதம் நடைபாதையில் கிடக்க முடியும்?

வேலூர் காந்தி ரோட்டில் நடந்திருப்பவர்களுக்குத் தெரியும். கடைப் பலகைகளில் வங்க மொழி. லாட்ஜ் அறைகளோடு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் மீன் வாங்கி வந்து அறையிலேயே குழம்பு வைப்பார்கள். தேவை இருக்கும் இடத்தில் சந்தை தானாகவே முளைத்துவிட்டது. ஆனால் சந்தை வாடகை கேட்கும், அதுவும் தினக்கணக்கில். மூன்று நாள் பரிசோதனைக்கு வந்தவருக்கு அது கட்டுப்படியாகும். எட்டு மாதச் சிகிச்சைக்கு வந்தவருக்கு ஆகாது.

நமக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவர யாத்திரை வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது. அந்தச் சத்திரங்கள் சோறு போட்டதோடு நிற்கவில்லை. வழியில் நோயுற்றவர்களுக்கு மருந்தும் பத்திய உணவும் கொடுத்து, குணமாகும்வரை தங்கவைத்தன. கருவுற்ற பெண்களுக்கு அங்கேயே பிரசவம் பார்த்தார்கள். இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, இந்தச் சத்திரங்கள் தன் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று வாதாடுகிறார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் வேலூருக்கும் மதுரைக்கும் வருபவர்களே இன்றைய யாத்திரிகர்கள்.

ஆட்ரி எவன்ஸ் 2022 செப்டம்பரில், 97 வயதில் மறைந்தார். எண்பது வயதை நெருங்கிய பிறகுதான், நெடுங்காலம் தன்னோடு பணியாற்றிய கதிரியக்க மருத்துவர் டான் டான்ஜியோவை மணந்தார். அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை, பிலடெல்பியாவின் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்குவதில் கைகொடுத்தார்.

நம் ஊரிலும் காரியங்கள் நடக்கின்றன. சென்னை மாநகராட்சி சில அரசு மருத்துவமனை வளாகங்களில், நோயாளிகளோடு வருபவர்கள் இரவு தங்கக் காப்பகங்கள் நடத்துகிறது. மாடிப்படிக்குக் கீழே படுத்த எனக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். அடுத்த கட்டமாக நான் கேட்பது சில சின்ன விஷயங்கள். குழந்தைகள் மருத்துவமனைக் காப்பகங்களிலாவது ஒரு சமையலறை, குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, பூட்டுப்போட்ட ஓர் அலமாரி, துணி காயப்போட ஒரு கொடி. ஓரிரவுக்கு என்றில்லாமல், சிகிச்சை முடியும்வரை அதே இடம். மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதும்போதே, ‘எங்கே தங்கியிருக்கிறீர்கள்?’ என்றும் கேட்டு, அந்தப் பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும். புதிய பிரிவு கட்ட வரைபடம் போடும்போது, நோயாளிப் படுக்கைகளோடு இந்த அறைகளின் எண்ணிக்கையும் திட்ட மதிப்பீட்டில் சேர வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனைக்கு நன்கொடை கொடுக்கும் நிலையில் நீங்கள் இருந்தால், சக்கர நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் முன்னால், அந்தக் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸிடம் ஒருமுறை பேசிப்பாருங்கள். எந்தக் குடும்பம் எங்கே படுக்கிறது, யார் இந்த வாரம் ஊருக்குப் போய்விடப்போகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.